காஞ்சி தந்த அண்ணாவும் அரசின் பரிசுச் சீட்டும்

வந்தவாசிக்கு வடக்கே அமைந்துள்ள காஞ்சிபுரம், ஜினகாஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றத்தால் நம் குடும்பங்கள் அனைத்திற்கும் நெருக்கமான நகரமாகும். அந்நகரில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நெசவுக் குடும்பம் ஒன்றில் தோன்றியவர் சி.என். அண்ணாதுரை. அவர் நம் சமயத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் இல்லறத்தாராகிய நாம் ஆழ்ந்து சிந்தித்தற்குரிய நிகழ்ச்சி ஒன்று அவர்தம் வாழ்வில் உண்டு.

எளிய நிலையில் வளர்ந்த அண்ணா, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பெரியாரிடம் தொண்டராகச் சேர்ந்து, 1949-இல் பிரிந்து திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். கைத்தறி நெசவாளர் துணி விலைபோகாமல் துன்புற்ற 1953-ஆம் ஆண்டில், துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகச் சென்று விற்றார். தறியின் வருவாயையே நம்பி வாழும் ஆரணி, காஞ்சிப் பகுதி மக்களின் வறுமையை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவர் அல்லர். பிறந்த வீட்டிலேயே கண்டு உணர்ந்தவர்.

1967 மார்ச்சு மாதத்தில் முதலமைச்சரானார். ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கும் திட்டத்தை அவ்வாண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானம் அவ்வாண்டு சூலையில் நிறைவேறியது. 1968 சனவரியில் சென்னையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் திருவள்ளுவர் சிலை எழுந்தது.

அரிசித் திட்டத்தைப் பிற மாவட்டங்களுக்கும் விரிக்கப் பொருள் வேண்டியிருந்தது. மதுவிலக்கை நீக்கினால் கருவூலம் நிறையும் என்று பலர் எடுத்துரைத்தும் அவர் இணங்கவில்லை. குடிப்பவனின் மனைவி மக்கள் சிந்தும் கண்ணீரை வருவாயாக்க அவர் உள்ளம் ஒப்பவில்லை. அவர் ஆட்சிக் காலம் முழுவதும் மதுவிலக்கு நிலைத்தது. இது போற்றத்தக்க உறுதியாகும்.

ஆனால் அதே 1968-இல் அவரது அரசு பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கேரள அரசு முந்தைய ஆண்டே வழிகாட்டியிருந்தது. இது எவரையும் வற்புறுத்தி வாங்கும் வரியன்று, பரிசு விழுந்தால் வாங்கியவருக்குப் பயன், விழாவிடில் நாட்டின் நலப்பணிக்குப் பயன் என்று அவர் விளக்கம் கூறினார். அவர் தமக்கென்று ஒரு காசும் விழையவில்லை. நோக்கம் தூயதே. வழி தூயதா என்பதே வினா.

பொன்னூர் மலையில் தவமியற்றிய குந்தகுந்த ஆசாரியரே திருக்குறளை அருளினார் என்பது நம் மரபு. அந்நூலில் கள்ளுண்ணாமை 93-ஆம் அதிகாரம். அதனை அடுத்தே 94-ஆம் அதிகாரமாகச் சூது நிற்கிறது. இரண்டும் அறத்துப்பாலில் இல்லை. நாடாள்வோர்க்குரிய பொருட்பாலில் உள்ளன. சூதைத் தனிமனிதர் குற்றமென்று மட்டும் கருதி அரசு ஒதுங்க இயலாது என்பது இவ்வமைப்பாலேயே விளங்குகிறது. நம் ஆகமங்கள் கூறும் ஏழு வியசனங்களிலும் சூதே முதலாவது. வள்ளுவருக்குச் சிலை எடுத்த ஆண்டிலேயே, ஓர் அதிகாரத்தைக் காத்த அரசு அடுத்த அதிகாரத்தைக் கைவிட்டது.

தனியார் நடத்தும் சூதைச் சட்டம் தண்டிக்கும். அரசே நடத்தினால் தண்டிப்பவர் யார்? மேலும், பரிசுச் சீட்டின் வருவாய் தோற்றவர்கள் தந்த பணமேயன்றி வேறன்று. மக்கள் மிகுதியாகத் தோற்றால்தான் கருவூலம் நிறையும். அத்தகைய வருவாயை நம்பும் அரசு, குடிமக்களின் பேராசையை அடக்க முற்படாது, வளர்க்கவே முற்படும்.

1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அண்ணா மறைந்தார். இலட்சக்கணக்கானோர் கண்ணீருடன் வழியனுப்பினர். அவர் காத்த மதுவிலக்கு 1971-இல் தளர்த்தப்பட்டது. பரிசுச் சீட்டோ பிற்காலத்தில் தனியார் வணிகமாகப் பெருகி, அன்றாடக் கூலியை அன்றாடமே விழுங்கும் ஒற்றை இலக்கச் சீட்டாக உருமாறியது. 1998-இல் மத்தியச் சட்டம் அதனை விலக்கியது. 2003 சனவரியில் தமிழக அரசு எல்லாப் பரிசுச் சீட்டுகளின் விற்பனையையும் தடை செய்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றது. முன்பு 93-ஐக் காத்து 94-ஐக் கைவிட்டோம். பின்பு 94-ஐக் காத்து 93-ஐக் கைவிட்டோம்.

அண்ணாவின் நேர்மையை எவரும் ஐயுறார். அத்தகைய நல்லவரும் நற்பணியின் பொருட்டுத் தீய வழியைத் திறக்கக்கூடும் என்பதே அவர் வாழ்வு நமக்கு உணர்த்தும் எச்சரிக்கை. அரசு அனுமதித்தது என்பதனால் ஒரு செயல் அறமாகிவிடாது. ஏழு வியசனங்களையும் விலக்கும் உறுதியை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கு இளமையிலேயே ஊட்டுவது நம் கடமையாகும்.