கூகையை நோக்கிய குரு: கில்பர்ட் ஒயிட்

தமிழர்க்குக் கூகை புதிய பறவையன்று. ஆந்தை, கூகை, குடிஞை எனப் பல பெயர்களால் நம் முன்னோர் அதனைச் சுட்டினர். புறநானூற்றுப் புலவர் ஒருவர் கூகைக்கோழியார் என்றே பெயர் பெற்றார். காலமறிதலை விளக்கவந்த வள்ளுவரும் கூகையை உவமைக்கு அழைத்துக்கொண்டார். இத்துணை நெடிய பழக்கம் இருந்தும், நள்ளிரவில் அப்பறவை அலறினால் இன்றும் நம் வீடுகளில் பெரியவர்களின் முகம் வாடுகிறது. சாக்குருவி கத்துகிறது, யார் வீட்டுக்கோ ஓலை வந்துவிட்டது என்று அஞ்சுகின்றனர்.

இவ்வச்சம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களிலும் இதே அச்சம் நிலவியது. அங்கே ஒருவர் மட்டும் அஞ்சி ஓடாமலும் கல்லெடுத்து எறியாமலும், கையில் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கூகையின் கூட்டை நோக்கியிருந்தார். அவர்தாம் செல்போர்ன் கில்பர்ட் ஒயிட். அப்பெருமகனாரின் வாழ்வைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் செல்போர்ன் என்பது ஒரு சிற்றூர். 1720ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் கில்பர்ட் ஒயிட் அவ்வூரில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் அதே பெயருடையவர். அவ்வூர்த் தேவாலயத்தின் குருவாக விளங்கியவர். பேசிங்ஸ்டோக் நகரில் பள்ளிக்கல்வி பெற்ற ஒயிட், பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் பயின்று 1743இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1749இல் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகத் திருநிலை பெற்றார்.

கல்வியும் குடிப்பிறப்பும் வாய்த்த அவருக்கு உயர்ந்த பதவிகள் கிட்டியிருக்கக்கூடும். வெளியூர்களில் நிலையான வருவாயுடைய குருப் பதவிகள் அவரைத் தேடி வந்தன. ஊரை விட்டுப் போக மனமின்றி அவற்றுட் பலவற்றை மறுத்துவிட்டார். ஆனால் அவர் பெரிதும் நேசித்த செல்போர்னில் தலைமைக் குருவாகும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அப்பதவியை வழங்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் மற்றொரு கல்லூரியாகிய மாட்லினுக்கு இருந்தமையே காரணம். எனவே அண்டை ஊர்களிலும் தம் சொந்த ஊரிலும் உதவிக் குருவாகவே பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வேக்ஸ் என்னும் பெயருடைய குடும்ப வீட்டிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். உலகியல் நோக்கில் காண்பார்க்கு அது வெற்றி பெறாத வாழ்வாகவே தோன்றியிருக்கும்.

தோட்டமும் நாட்குறிப்பும்

அவ்வீட்டின் பின்புறத்தில் விரிந்த தோட்டம். தோட்டத்திற்கு அப்பால் பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான குன்றுச்சரிவு. 1753இல் ஒயிட்டும் அவர்தம் இளவல் ஜானும் அச்சரிவில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பாதையை அமைத்தனர். அப்பாதை இன்றும் வழக்கிலுள்ளது.

1751ஆம் ஆண்டு முதல் தம் தோட்ட வேலைகளைக் குறித்துவைக்கலானார். எருப்பாத்தி அமைத்து முலாம்பழக் கொடி வளர்ப்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் அளவிறந்தது. 1768 முதல் அக்குறிப்பு இயற்கை நாட்குறிப்பாக விரிந்தது. அன்றைய வெப்பம், காற்று, மழை, எந்த மரம் தளிர்த்தது, எந்தப் பறவை வந்தது, எது திரும்பிச் சென்றது என நாள்தோறும் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகள், தாம் இறப்பதற்குச் சில நாட்கள் முன்புவரை, இப்பழக்கத்தை அவர் கைவிடவில்லை.

கூகைகளோடு பழகிய மாலைகள்

செல்போர்ன் தேவாலயத்தின் இறவாரத்தில் வெண்கூகைகள் ஆண்டுதோறும் கூடு கட்டின. நம் ஊர்ப் பாழ்மண்டபங்களிலும் பழஞ்சுவர்ப் பொந்துகளிலும் காணப்பெறும் கூகையின் இனத்தைச் சேர்ந்தவையே அவை. கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவை வேட்டைக்குப் புறப்படும். எலிகள் வளையை விட்டு வெளியேறும் நேரம் அதுவேயாகும். வேட்டைநாய் மோப்பம் பிடித்து நிலத்தை அளைவதுபோல, அவை தாழப் பறந்து வேலியோரங்களையும் புல்வெளிகளையும் துழாவுவதை ஒயிட் கண்டார்.

கண்டதோடு அமையவில்லை. கடிகாரத்தை எடுத்து நேரம் குறித்தார். ஏறத்தாழ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை தாயோ தந்தையோ கூட்டிற்கு இரை கொணர்வது தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை! மேலும் ஒன்றைக் கவனித்தார். இரையைக் கால்நகத்தில் பற்றிவரும் கூகை நேரே கூட்டிற்குள் நுழைவதில்லை. ஓடுகளுக்கு அடியில் ஏறிச் செல்லக் கால்கள் வேண்டும். ஆதலின் முதலில் கூரைமீது அமர்ந்து, எலியைக் காலிலிருந்து அலகிற்கு மாற்றிக்கொண்டு, பின்னரே சுவரைப் பற்றி ஏறுகிறது. அகல்விளக்கு ஏந்திவரும் தாய் கதவைத் திறக்கக் கை மாற்றிக்கொள்வது போன்ற செயல் இது. இதனைக் காண எத்தனை மாலைகள் அசையாது நின்றிருக்க வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கூகையின் இறகு மிகவும் மென்மையானது என்றும், ஓசையின்றிப் பறந்து இரையை நெருங்க அம்மென்மையே துணை செய்கிறது என்றும் அவர் உய்த்துணர்ந்தார். வெண்கூகையின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து வளர்ப்பது அரிது, புதிய எலி இடையறாது கிடைத்தால்தான் அவை பிழைக்கும் என்றும், பழுப்பு ஆந்தையின் குஞ்சுகளோ நத்தை முதலாக எதைக் கொடுத்தாலும் உண்டு வளரும் என்றும் வேறுபடுத்திக் காட்டினார்.

இசைச்செவி வாய்ந்த அயலார் ஒருவர் அவ்வூர் ஆந்தைகள் மூன்று வெவ்வேறு சுருதிகளில் கூவுவதைக் கண்டறிந்து கூறினார். ஒயிட் அதனையும் குறித்துக்கொண்டார். இவ்வேறுபாடு இனத்தால் வருவதா, தனிப்பறவையின் இயல்பால் வருவதா என்று வினவினாரேயன்றி, தெரியாததைத் தெரிந்ததாக முடிவுகட்டவில்லை.

இனி, அச்சத்திற்கு வருவோம். வெண்கூகை பறந்துகொண்டே அலறுவதும், கூட்டிலிருந்து குறட்டை போலவும் சீறல் போலவும் ஒலியெழுப்புவதும் உண்டு. அவ்வொலியைக் கேட்ட ஓர் ஊர் மக்கள், கல்லறைத் தோட்டத்தில் பேய்கள் நிறைந்துவிட்டனவென்று திரண்டெழுந்ததை அவர் அறிந்திருந்தார். சாகக் கிடப்பவரின் பலகணியில் வந்து கத்தும் தனியொரு கெட்ட பறவை உண்டென்று பாமரர் நம்பியதற்கும் இவ்வலறலே மூலமாதல் வேண்டும் எனக் கருதினார். மக்களை அவர் ஏளனம் செய்யவில்லை. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் காட்டினார். பேயெனப்பட்டது பிள்ளைக்கு உணவு தேடும் பெற்றோர் என்பது தெளிவாயிற்று.

ஏனைய உயிர்கள்

கோதுமை வயலில் கதிர்த்தாள்களைப் பின்னிப் பந்துபோலக் கூடு கட்டும் மிகச் சிறிய எலியினத்தை முதன்முதல் விளக்கியுரைத்தவர் இவரே. இரண்டு எலிகளைத் தராசிலிட்டு, அவை ஒரு செப்பு அரைப்பென்னிக் காசின் எடையே என்று கண்டார். உருவில் ஒன்றுபோல் தோன்றிய கதிர்க்குருவிகளைக் குரலாலும் உறுப்பமைப்பாலும் மூவகையெனப் பிரித்தார். வளைக்குள்ளிருக்கும் வயற்சிள்வண்டை மண்வெட்டியால் தோண்டினால் அது சிதைந்துபோவதால், மெல்லிய புல்தண்டை உள்ளே விட்டு நோகாமல் வெளிக்கொணர்ந்தார். மண்புழு இல்லையேல் நிலம் இறுகி வளம் குன்றும் என்று 1777இலேயே எழுதினார்.

அவருடைய அத்தையார் சசெக்ஸ் மாவட்டத்து ரிங்மர் என்னும் ஊரில் திமோத்தி என்ற நிலவாமையை நெடுங்காலம் வளர்த்துவந்தார். தனக்கு உணவிடும் அம்மூதாட்டியைக் கண்டால் அது தள்ளாடித் தள்ளாடி அவரை நோக்கி வருவதை ஒயிட் பார்த்திருந்தார். அத்தையார் மறைந்தபின், 1780இல் அதனை மண்ணோடு பெட்டியில் வைத்து எண்பது மைல் வண்டிப்பயணமாகத் தம் தோட்டத்திற்குக் கொணர்ந்தார். அதற்குக் காது கேட்கிறதா என அறிய ஒலிகுழல் கொண்டு உரக்கக் கூவியும் பார்த்தார், ஆமை பொருட்படுத்தவில்லை. அவருக்குப் பின்னும் ஓராண்டு வாழ்ந்து 1794இல் அது இறந்தது. ஆணென்று எண்ணி வளர்க்கப்பெற்ற திமோத்தி பெண்ணாமை என்பது பின்னரே தெரியவந்தது.

அவரிடம் குறைகளும் உண்டு. அக்கால வழக்கப்படி, பறவையை இனங்காண அதனைச் சுட்டு வீழ்த்துவதும் அவர் பின்பற்றிய முறைகளுள் ஒன்று. தகைவிலான் குருவிகளுள் சில குளிர்காலத்தில் வேற்றுநாடு செல்லாமல் உள்ளூரிலேயே மறைந்து உறங்கக்கூடும் என்ற ஐயம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அது பிழையென்பதை இன்று அறிவோம். எனினும் ஐயத்தை ஐயமாகவே வைத்திருந்தது அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

நூலும் மறைவும்

தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் ஆகிய அறிஞர் இருவர்க்கும் எழுதிய மடல்களின் வடிவில் அவரது நூல் அமைந்தது. செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மையும் என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூலை, இலண்டனில் பதிப்பாளராயிருந்த தம்பி பெஞ்சமின் 1788இன் இறுதியில் வெளியிட்டார். நூலாசிரியருக்கு அப்போது அகவை 68. அவர் எழுதி வெளியிட்ட நூல் அது ஒன்றே. ஆயினும் இருநூறுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டு அது இன்றும் வாழ்கிறது. இளமையில் இந்நூலைப் படித்துப் பறவைகளை நோக்கத் தொடங்கிய சிறுவர்களுள் ஒருவர் சார்லஸ் டார்வின்.

1793ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் ஒயிட் தம் வீட்டில் காலமானார். செல்போர்ன் தேவாலய வளாகத்தில், பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளும் மட்டும் பொறித்த சிறு கல்லின்கீழ் அடக்கமாகியுள்ளார். அவர் வாழ்ந்த வீடு 1955 முதல் அருங்காட்சியகமாகத் திகழ்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றை எழுதும்போது நம் நெஞ்சை உறுத்தும் ஒன்றை மறைத்தல் தகாது. நம் சிறுவயதில் பாட்டியார் நோயுற்றுப் படுத்திருந்த இரவுகளில், கொல்லைப்புறப் பழஞ்சுவரின் பொந்திலிருந்து கூகை அலறிற்று. பாட்டியாரைக் காப்பதாக எண்ணி, நாமும் தெருப்பிள்ளைகளும் கல்லெறிந்து அக்கூட்டைக் கலைத்தோம். வெண்பஞ்சு போன்ற இரு குஞ்சுகள் கீழே விழுந்து இறந்தன. பாட்டியார் நலமடைந்து, அதன்பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். ஒயிட்டின் நூலில் ஐந்து நிமிடக் கணக்கைப் படித்த நாளில்தான், அன்றிரவு இரையோடு திரும்பிய பறவை வெறும் பொந்தின் முன் எத்தனை முறை வந்து நின்றிருக்கும் என்று எண்ணினோம்.

கூகை தின்னும் எலி, நெல்லைத் தின்னும் எலியேயாகும். வயலில் குச்சி நட்டு ஆந்தை அமர இடந்தரும் உழவர்கள் இன்று நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு அப்பறவை பகையன்று.

மாணவச் செல்வங்களே! பெரிய நகரமும் பெரிய பதவியும் வாய்த்தால்தான் அறிவுப்பணி இயலும் என்று எண்ணாதீர்கள். ஒரே ஊரும் ஒரு தோட்டமும் ஒரு குறிப்பேடும் ஒயிட்டுக்குப் போதுமானவையாக இருந்தன. இனி இரவில் கூகை அலறினால் கல்லைத் தேடாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள்.