துடுப்புத் தாத்தா ஃபர்னிவால்



நம் சுவர் இதழில் மாதா மாதம் மறைந்த பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு வரும். காந்தித் தாத்தா, காமராசர், அன்னை தெரசா எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்த மாதம் என் முறை. நம் இதழில் இதுவரை வராத ஒருவரை எழுதலாம் என்று இங்கிலாந்து நாட்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். பெயர் ஃபிரெடரிக் ஜேம்ஸ் ஃபர்னிவால். அகராதி, படகு என்ற இரண்டு விஷயங்களில் இவர் பெயர் நிலைத்திருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? கடைசிவரை படியுங்கள், புரியும்.

பிறப்பும் படிப்பும்

ஃபர்னிவால் 1825-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி எகாம் என்ற ஊரில் பிறந்தார். அது தேம்ஸ் ஆற்றை ஒட்டிய ஊர். அப்பா டாக்டர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை.

அவருக்கு நாலு வயது இருக்கும்போது, 1829 ஜூன் 10-ஆம் தேதி, அதே தேம்ஸ் ஆற்றில் ஹென்லி என்ற இடத்தில் ஒரு போட்டி நடந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கும் நடந்த முதல் படகுப் போட்டி அதுதான். சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், சார்லஸ் மெரிவேல் என்று இரண்டு நண்பர்கள். சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஒருவர் ஆக்ஸ்போர்டுக்கும் ஒருவர் கேம்பிரிட்ஜுக்கும் போய்விட்டார்கள். யார் ஆள் கெட்டி, பார்த்துவிடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்து கிளப்பிவிட்டதுதான் இந்தப் போட்டி. இந்த வேர்ட்ஸ்வொர்த் யார் தெரியுமா? டேஃபடில்ஸ் பூக்களைப் பாடிய கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி மகன்! முதல் போட்டியில் ஆக்ஸ்போர்டு சுலபமாக ஜெயித்துவிட்டது.

அடுத்த போட்டி 1836-இல் லண்டனில் நடந்தது. 1845-இல் லண்டனின் பட்னி என்ற இடத்திலிருந்து மார்ட்லேக் வரைக்கும் என்று பாதை மாறியது. சுமார் 6.8 கிலோமீட்டர் தூரம். 1856 முதல் வருஷா வருஷம் நடக்க ஆரம்பித்தது.

ஒல்லிப் படகு

1842-இல் ஃபர்னிவால் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி ஹால் என்ற கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் துடுப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்லூரிப் படகில் துடுப்பு வலித்தார்.

அந்தக் காலத்துப் படகு அகலமாக, கனமாக இருக்கும். ஏன் என்றால் துடுப்பைத் தாங்கும் கொக்கி படகின் ஓரத்திலேயே இருக்கும். நாம் அறிவியலில் படித்த நெம்புகோலை நினைத்துப் பாருங்கள். கைப்பக்கம் நீளம் வேண்டும் என்றால் படகு அகலமாக இருந்தே ஆக வேண்டும். அகலமான படகோ தண்ணீரில் மெதுவாகத்தான் போகும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படகுக்கு வெளியே இரும்புச் சட்டம் ஒன்றை நீட்டி, அதன் நுனியில் துடுப்பை மாட்டினார்கள். இதற்கு அவுட்ரிகர் என்று பெயர். இதனால் படகை ஒல்லியாகச் செய்ய முடிந்தது. ஆனால் துடுப்பின் பலம் குறையவில்லை.

1845-இல் ஃபர்னிவால் ஒரு நண்பரோடு சேர்ந்து கேம்பிரிட்ஜில் இப்படி ஒரு ஒல்லிப் படகு கட்டினார். அடுத்த வருஷமே, 1846-இல், இரண்டு பல்கலைக்கழகங்களும் அவுட்ரிகர் படகில் போட்டி போட்டன.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவுட்ரிகரை நன்றாகச் செய்து காட்டிப் புகழ் பெற்றவர் ஹாரி கிளாஸ்பர். வட இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரைக்காரர். சின்ன வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சொல் சேர்த்தவர்

படிப்பு முடிந்து ஃபர்னிவால் வக்கீல் ஆனார். ஆனால் மனசு கோர்ட்டில் இல்லை. 1854-இல் லண்டனில் தொழிலாளர்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள். பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருபவர்களுக்கு அங்கே பாடம் நடக்கும். ஃபர்னிவால் அங்கே பாடம் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நடைப்பயணம், படகு என்று கிளம்பிவிடுவார். ஞாயிறு கடவுளுக்கு உரிய நாள், அன்றைக்கு விளையாட்டா என்று கல்லூரியின் பெரியவர்களுக்கு வருத்தம். ஃபர்னிவால் விடவில்லை. வாரம் ஆறு நாள் உழைப்பவனுக்கு ஆற்றைப் பார்க்க வேறு நாள் ஏது?

1857-இல் ஒரு மொழிக் கழகம், பழைய அகராதிகளில் இல்லாத ஆங்கிலச் சொற்களைத் திரட்ட ஒரு குழு போட்டது. மூன்று பேரில் ஃபர்னிவாலும் ஒருவர். 1861-இல் அவரே அந்த அகராதிக்கு ஆசிரியர் ஆனார். ஊர் ஊராகப் படிக்கிறவர்களைப் பிடித்து, புத்தகத்தில் பார்க்கிற சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பச் சொன்னார். பழைய கையெழுத்துப் புத்தகங்கள் அச்சில் வந்தால்தானே அதில் உள்ள சொல் கிடைக்கும்? அதற்காக 1864-இல் பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பிக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார்.

அவருக்கு ஆரம்பிக்கத் தெரியும், அடுக்கி வைக்கத் தெரியாது. சீட்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. 1879-இல் ஜேம்ஸ் முர்ரே என்பவர் ஆசிரியர் ஆனபோது சுமார் இரண்டு டன் சீட்டுகள் அவர் வீட்டுக்குப் போயினவாம்! அதுதான் பிறகு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி ஆனது. 1884-இல் முதல் பகுதி வந்தது, 1928-இல்தான் முடிந்தது.

ஃபர்னிவால் குறையே இல்லாதவர் என்று நான் எழுத மாட்டேன். கோபக்காரர். புலவர்களோடு பத்திரிகையில் சண்டை போடுவார். 1883-இல் மனைவியைப் பிரிந்தார். அந்த அம்மா எவ்வளவு வருத்தப்பட்டிருப்பார்! நல்லது செய்தவர் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஒரு விதி

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். 1882-இல் இங்கிலாந்தில் படகுப் போட்டிகளுக்கு ஒரு சங்கம் அமைந்தது. அதில் ஒரு விதி. கூலிக்கு வேலை செய்கிற மெக்கானிக், கைத்தொழில் செய்பவர், உடல் உழைப்பாளி யாரும் அதில் சேர முடியாது. காசு வாங்கிக்கொண்டு படகு வலிப்பவரை விலக்கினால்கூடப் பரவாயில்லை. இவர்கள் படகில் காசு வாங்கவில்லை. தச்சு வேலையில், கொல்லுப் பட்டறையில் வாங்குகிறார்கள். அதற்கே தடை! உடம்பால் உழைப்பவனுக்குப் பலம் அதிகம், அது நியாயமான போட்டி ஆகாது என்று காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் என்ன? கனவான்கள் பக்கத்தில் தொழிலாளி உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

ஹாரி கிளாஸ்பரை ஞாபகம் இருக்கிறதா? சுரங்கத்தில் உழைத்தவர் சீர்செய்த அவுட்ரிகர் வேண்டும். ஆனால் அவரைப் போன்றவர்கள் படகில் வேண்டாம்!

என் அப்பா கொத்தனார். அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். இந்த விதியை வீட்டில் நான் சொன்னபோது அப்பா சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல. ஏன் என்றால் நிஜமாகவே கொத்து வேலை செய்த ஒருவரை ஹென்லி படகுப் போட்டியில் சேர்க்கவில்லை. அவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜாக் கெல்லி. வருஷம் 1920. அவருடைய கிளப் மேல் இருந்த பழைய தடை ஒரு காரணம், செங்கல் அடுக்கும் வேலை செய்தவர் என்பது இன்னொரு காரணம். அதே வருஷம் ஒலிம்பிக்கில் இங்கிலாந்து வீரரைத் தோற்கடித்துக் கெல்லி தங்கம் வாங்கினார்!

ஃபர்னிவால் பணக்காரப் பிள்ளையாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். அந்த விதி அவரைத் தொடவே தொடாது. ஆனாலும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தேடிய மனிதர் அவர். தொழிலாளி என்ற சொல்லையே எடுத்து ஆற்றுக்கு வேலி போட்டால் பொறுப்பாரா? விதிக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1890-இல் தொழிலாளிகளும் சேரக்கூடிய வேறொரு தேசியச் சங்கம் உருவானது. அதை உருவாக்கியவர்களில் ஃபர்னிவாலும் ஒருவர். பழைய சங்கம் தன் விதியை 1937-இல்தான் எடுத்தது. 1956-இல் இரண்டு சங்கங்களும் ஒன்றாகிவிட்டன.

தேநீர்க் கடை அக்காக்கள்

லண்டனில் ஒரு தேநீர்க் கடையில் ஃபர்னிவால் தினமும் உட்கார்ந்திருப்பார். அறிஞர்கள் அவரைப் பார்க்க அங்கேதான் வருவார்கள். அந்தக் கடையில் பரிமாறும் பெண்களிடமும் அன்பாகப் பேசுவார். அவர்களுக்குப் படகு ஓட்ட ஓர் இடமும் இல்லை. அன்றைய படகு கிளப்புகள் ஆண்களுக்கானவை. ஏழை, அதிலும் பெண் என்றால் சொல்லவே வேண்டாம்.

1896-இல் ஃபர்னிவால் ஹாம்மர்ஸ்மித் என்ற இடத்தில் பெண்களுக்கென்றே ஒரு படகு கிளப் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 71! தேநீர்க் கடையிலும் மற்ற கடைகளிலும் வேலை பார்த்த பெண்கள் சேர்ந்தார்கள். கால்வரை தொங்கும் பாவாடையோடு, இரண்டு கையிலும் இரண்டு துடுப்பு பிடித்து வலித்தார்கள். ஹாம்மர்ஸ்மித் எங்கே இருக்கிறது தெரியுமா? பட்னிக்கும் மார்ட்லேக்குக்கும் நடுவில்! அதாவது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பிள்ளைகள் போட்டி போடும் அதே தண்ணீரில்தான் தேநீர்க் கடை அக்காக்களும் துடுப்பு போட்டார்கள். 1901-இல் ஆண்களையும் கிளப்பில் சேர்த்தார்கள். முதலில் பெண்களுக்கு, அப்புறம் ஆண்களுக்கு. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

எண்பது வயசுக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் தாடியோடு படகில் கிளம்பிவிடுவாராம் தாத்தா. குடிக்க மாட்டார், புகைபிடிக்க மாட்டார். 1910-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி, 85-ஆம் வயதில் காலமானார். அகராதி முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்

அவர் இறந்து 17 வருஷம் கழித்து, 1927-இல், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முதல் படகுப் போட்டி ஆக்ஸ்போர்டில் நடந்தது. ஆனால் இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் விடவில்லை. பெண்கள் அப்படி முட்டிமோதக் கூடாதாம். யார் அழகாக வலிக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் போட்டார்கள்! கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்ததே 1948-இல்தான். 1981-இல் சூ பிரவுன் என்ற மாணவி ஆண்கள் போட்டியில் ஆக்ஸ்போர்டு படகைத் திசை நடத்தினார். அந்தப் போட்டியில் அப்படி வந்த முதல் பெண் அவர்தான். அவர் படகு ஜெயித்தது.

2015-இல்தான் பெண்கள் போட்டி லண்டனுக்கு வந்தது. ஆண்களுக்கு இருக்கும் அதே நாள், அதே பட்னி, அதே மார்ட்லேக், அதே தூரம். ஃபர்னிவால் கிளப் தொடங்கி 119 வருஷம் ஆகிவிட்டது. கடை வேலைக்குப் போன பெண்கள் முதலில் வந்துவிட்டார்கள், பல்கலைக்கழகப் பெண்கள் அப்புறம்தான் வந்தார்கள்! அந்தக் கிளப்புக்கு இப்போது ஃபர்னிவால் பெயர்தான். பக்கத்தில் ஒரு பூங்காவுக்கும் அவர் பெயர்.

நான் நினைப்பது

விதி என்றால் எழுதி வைத்தது மட்டும் இல்லை. பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு, வெயிலில் கறுத்துப்போவாய் என்று வீட்டுக்கு வருகிற அத்தை, சித்தி சொல்வதும் விதிதான். சாயங்காலம் பையன்கள் கபடி ஆடும்போது நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பதும் எழுதாத விதிதான். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை.

தனக்கு இடம் இருக்கிறது என்று ஃபர்னிவால் பேசாமல் இருந்திருக்கலாம். இடம் இல்லாதவர்களைப் பார்த்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் கருத்து. ஆகவே தம்பிகளே, அண்ணன்களே, வாரத்தில் இரண்டு நாள் கோடு போட்ட மைதானத்தை எங்களுக்கு விடுங்கள். பெண்கள் அணிக்கு ஏழு பேர் பெயர் என்னிடம் இருக்கிறது. இன்னும் சேர விரும்பும் அக்கா தங்கைகள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

உங்களுக்குத் தெரியுமா?

* 1836-இல் போட்டி தொடங்கும் நேரத்தில் கேம்பிரிட்ஜ் படகுக்கு அடையாளம் இல்லை. கடைக்கு ஓடி வெளிர்நீல ரிப்பன் வாங்கிக் கட்டினார்கள். அதுவே அவர்கள் நிறமானது. ஆக்ஸ்போர்டுக்கு அடர்நீலம்.
* 1877-இல் இரண்டு படகும் சமமாக வந்தன என்று தீர்ப்பானது.
* 1912-இல் இரண்டு படகும் தண்ணீரில் மூழ்கின. மறுபடி நடத்தியதில் ஆக்ஸ்போர்டு வென்றது.
* உலகப் போர்க் காலங்களிலும், கொரோனாவால் 2020-இலும் போட்டி நடக்கவில்லை.
* துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். முன்னால் பார்ப்பவர் திசை நடத்துபவர் ஒருவர்தான்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி