பாட்டுக்குப் பயந்த சர்க்கார்

தலைவர் வந்து சேரும் வரையில் பொழுதைப் போக்குவதற்காகப் பாடகரை மேடையேற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. பாட்டு என்றால் நமக்கு அவ்வளவு இளக்காரம்! அமெரிக்க சர்க்காரோ பாட்டுக்குப் பயந்தது. 1947 செப்டம்பரில் வாஷிங்டனில் விசாரணைக் கமிட்டி ஒன்று ஹான்ஸ் ஐஸ்லரைக் கூண்டில் ஏற்றியது. கொலை செய்தாரா? கொள்ளையடித்தாரா? மெட்டுப் போட்டார், தோழர்களே!

1898இல் லைப்சிக் நகரில் பிறந்து வியன்னாவில் வளர்ந்தவர் ஐஸ்லர். முதல் உலகப் போரில் சிப்பாயாகக் காயம்பட்டுத் திரும்பிய அவருக்கு, ஷோன்பெர்க் என்ற பேராசான் காசு வாங்காமலே சங்கீதம் கற்பித்தார். ஆனால் வித்வான்கள் மட்டுமே தலையாட்டும் இசையில் சீடருக்கு மனம் ஒட்டவில்லை. பெர்லினுக்குச் சென்றார், குருவோடு பிணங்கினார், தொழிலாளர் பாடகர் குழுக்களுக்கு இசையமைக்கலானார். வேலையற்றோரின் கதையான 'கூலே வாம்பே' படத்துக்கு, கவிஞர் பிரெக்டுடன் சேர்ந்து 1932இல் அவர் தந்த பாட்டு எல்லை கடந்து ஒலித்தது. தணிக்கையார் படத்துக்குத் தடை போட்டு, கிளர்ச்சி எழுந்த பிறகே, அதுவும் வெட்டித்தான், விட்டார்கள்.

அடுத்த ஆண்டு இட்லர் வந்தான். நாடு நாடாக அலைந்த ஐஸ்லர் 1938இல் அமெரிக்கா சேர்ந்தார். ஹாலிவுட்டில் அவர் இசையமைத்த இரண்டு படங்கள் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டன. கண் பார்ப்பதையே இசையும் ஒப்பிக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

பிறகுதான் விசாரணை. இசையுலகின் கார்ல் மார்க்ஸ் என்று குற்றம் சாட்டினார்கள். அவரோ அதைப் புகழுரையாக ஏற்றார்! உடன்பிறந்த அக்காள் ரூத் பிஷரே, ஒரு காலத்தில் ஜெர்மன் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமையில் இருந்தவர், தம்பிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். சாப்ளினும் பிக்காசோவும் ஐஸ்லருக்காகக் குரல் கொடுத்தார்கள். பயனில்லை. 1948 மார்ச்சில் நாடு கடத்தப்பட்டார்.

கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கு 1949இல் மெட்டமைத்தவர் அவரே. அப்படியிருந்தும், பாஸ்ட் கதையை வைத்து அவர் எழுதிய இசை நாடகத்தை 1953இல் அங்கிருந்த கட்சிக்காரர்களே கண்டித்துத் தள்ளினார்கள். நாடகத்துக்கு இசை பிறக்கவே இல்லை. இதை நாம் மறைப்பதற்கில்லை, தவறு நம்மவருடையது.

மனமுடைந்த காலத்திலும் கை ஓயவில்லை. நாஜிக் கொலைமுகாம்களைப் பற்றிப் பிரெஞ்சு இயக்குநர் ரெனே 1955இல் எடுத்த 'இரவும் மூடுபனியும்' படத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். திரையில் பிணக்குவியல், இசையோ உரக்கக் கதறாமல் மெல்லிய குரலில் நடக்கிறது. 1962 செப்டம்பர் 6ஆம் நாள் பெர்லினில் ஐஸ்லர் காலமானார்.