தேன் பெட்டிக்குள் ஒரு பாதிரியாரின் கதை!

வீட்டுத் தோட்டத்துல தேன் பெட்டி வெச்சிருக்கீங்களா? கோடையில மூடியைத் திறந்து, சட்டத்தை உருவி, தேனை எடுத்துட்டு அடையை அப்படியே திரும்ப வெக்குறீங்களே... அந்த வசதிக்கு நீங்க நன்றி சொல்ல வேண்டியவர் லோரென்சோ லாங்ஸ்ட்ராத். 1810-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த பாதிரியார்.

அப்போதெல்லாம் தேன் வேணும்னா கந்தகப் புகை போட்டு தேனீக்களையே கொன்றுவிடுவது சகஜம். பெட்டிக்குள் இடுக்கு சிறிதாக இருந்தால் தேனீக்கள் பிசின் வைத்து அடைத்துவிடும். பெரிதாக இருந்தால் அடை கட்டிவிடும். சுமார் 9 மில்லிமீட்டர் இருந்தால் மட்டும் நடைபாதையாக விட்டுவிடும். 1851-ல், சட்டங்களைச் சுற்றிலும் இந்த இடைவெளியை விடலாம் என்று லாங்ஸ்ட்ராத்துக்குத் தோன்றியது. சட்டங்கள் பெட்டியோடு ஒட்டவில்லை, தேனீக்களும் பிழைத்தன.

1852-ல் காப்புரிமை கிடைத்தது. ஆனா, பலர் அவரைக் கேட்காமலே பெட்டி செய்து விற்க, வழக்குதான் மிச்சம். மனச்சோர்வு நோயும் விட்டுவிட்டுத் துரத்தியது. அந்த நாள்களில் தேனீ என்ற பேச்சே அவருக்கு ஆகாது. மீண்டதும் நேரே தேன் பெட்டிகளிடம்தான் போவார். 1895-ல், தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும்போதே உயிர் பிரிந்தது.

அடுத்த முறை சட்டத்தை உருவும்போது அந்தச் சின்ன இடைவெளியைக் கொஞ்சம் பாருங்க. அதுதான் அவர் விட்டுப்போன சொத்து!