கார்ல் வில்ஹெல்ம் ஷீலே

ரசாயன உலகில் அழியாப் புகழ் பெற்ற ஷீலே, அந்நாளில் சுவீடன் அரசுக்குட்பட்டிருந்த ஸ்திரால்சுண்ட் நகரில் 1742-ஆம் ஆண்டு பிறந்தார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்கு வாய்த்திலது. 14-ஆம் வயதில் கோத்தன்பர்க் நகரத்து மருந்து வணிகர் ஒருவரிடம் தொழில் பயிலச் சென்றவர், ரசாயன நூல்களைக் கற்றும், கற்றவற்றைத் தாமே சோதித்தும் அறிவு பெருக்கினார். பிராணவாயுவைப் பிரீஸ்ட்லிக்கு முன்னரே பிரித்தெடுத்தவர் இவரே. எனினும் இவரது நூல் 1777 வரை அச்சேறாமையால் முதற்புகழ் பிரீஸ்ட்லியைச் சார்ந்தது. 1774-இல் குளோரின் வாயுவையும் கண்டார். ஏனையவற்றை விரிப்பிற் பெருகும்.

ஈண்டுச் சிறப்பாக நோக்கற்பாலது அவர் 1776-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியாகும். கல்லடைப்பு நோயாளரின் நீர்ப்பையிற் கிடைத்த கற்களை அவர் சோதித்தார். அவை காரநீரிற் கரைந்தன. வெடியுப்புத் திராவகத்திற் கரைத்து வற்றக் காய்ச்சியபோது செந்நிறம் தந்தன. இஃது அதுவரை அறியப்படாத ஓர் அமிலமென உணர்ந்த ஷீலே, அவ்வளவில் அமையாது, சிறுநீரையும் ஆராய்ந்தார். நோயற்றார் நீரிலும் அவ்வமிலம் சிறிதளவு இருந்தது! பிராணவாயுவினும் இதுவே அவர்தம் நுண்ணறிவை நன்கு காட்டுவதென்பது என் கருத்து. அவர் சோதித்த கற்கள் யாவும் இவ்வகையினவே. வேறு பொருளாலான கற்களும் உண்டென்பது பின்னரே தெரிந்தது.

நிற்க. யூரிக் அமிலம் எனப்படும் அப்பொருளை இந்நாளில் மின்சாரத்தாலும் அளக்கின்றனர். சிறுநீரிற் கரித்தகடு ஒன்றைத் தோய்த்துத் தக்க மின்னழுத்தம் தரின், அமிலத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றும் 2 எலெக்ட்ரான்களை இழக்கும். அதனால் எழும் மின்னோட்டம் அமிலத்தின் அளவிற்கேற்ப மிகும். வைட்டமின் சி-யும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் எலெக்ட்ரான்களை இழப்பதால், இரண்டையும் பிரித்தறியத் தகட்டின்மேல் ஏற்ற பூச்சு இடுவர். பழுதுற்ற சிறுநீரகம் இவ்வமிலத்தைச் செவ்வனே வெளியேற்றாது. ஆகவே குருதியில் அது தங்கி மிகும். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள அளவுகளை ஒப்பிட்டுப் பிற சோதனைகளோடு சேர்த்து மருத்துவர் நோயின் நிலையை ஆராய்வர்.

ஷீலேயின் காலத்தில் இத்தகைய அளவை இல்லை. புதுப்பொருள்களைச் சுவைத்தும் முகர்ந்தும் அறிதல் அவர் வழக்கம். பாதரசமும் பாஷாணமும் அவர் கையிற் புழங்கின. 1785-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் சிறுநீரக நோயின் குறிகள் அவரிடத்தே தோன்றின. அடுத்த ஆண்டு தோல்நோயும் சேர்ந்தது. மரணம் அணுகுவதை உணர்ந்த அவர், கோப்பிங் நகரில் தாம் நடத்திவந்த மருந்துக்கடையின் முன்னை உரிமையாளராகிய போல் என்பாரின் விதவை மனைவியை மணந்து, கடையும் பொருளும் அவ்வம்மையாரைச் சேரச் செய்தார். மணமான இரண்டொரு நாளில், 1786 மே 21-ஆம் தேதி, 43 வயதில் உயிர் துறந்தார்.