குத்தூசி தந்த கண்!

கண் போய்விட்டதா? தலைவிதி! கையேந்திப் பிழைத்துக்கொள்! இப்படிச் சொல்லிக் கை கழுவிவிடுவது உலகத்தாரின் நெடுநாள் வாடிக்கை. அந்த வாடிக்கையை உடைத்தவன் மன்னன் மகனல்ல, மடாதிபதியுமல்ல. குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்த தொழிலாளியின் மகன், லூயி பிரெயில்!

பிரான்சு நாட்டில், பாரிசுக்கு அருகே கூப்வ்ரே என்ற சிற்றூரில், 1809 சனவரி 4-ல் பிறந்தான். மூன்று வயதில் தந்தையின் பட்டறையிலே தோல் துளைக்கும் குத்தூசியை எடுத்து விளையாடினான். கூர்முனை கண்ணிலே பாய்ந்தது. புண் சீழ் பிடித்தது, மறு கண்ணையும் கெடுத்தது. ஐந்து வயதுக்குள் இரு கண்ணிலும் இருள்!

பெற்றோர் விதியென்று விட்டுவிடவில்லை. 1819-ல் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பினர். புத்தகம் அங்கே இருந்தது. எப்படிப்பட்ட புத்தகம்? கண்ணுள்ளவர் எழுத்தையே மேடாக அச்சிட்ட கனத்த புத்தகம்! ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் படிக்க வேண்டும். தானே ஒரு கடிதம் எழுதவோ, வழியே இல்லை!

சார்லசு பார்பியே என்ற பட்டாளத்து அதிகாரி, தொட்டறியும் புள்ளி எழுத்தொன்றைப் பள்ளிக்குக் கொணர்ந்தார். பன்னிரண்டு புள்ளிகள்! விரல்நுனிக்குள் அடங்கவில்லை. ஒலிக்குக் குறி உண்டு, எழுத்துக் கூட்டலுக்கு இடமில்லை. லூயி அதை ஆராய்ந்தான், குறைத்தான், திருத்தினான். 1824-ல், பதினைந்தே வயதில், ஆறு புள்ளிகளில் அடக்கினான். ஆறு புள்ளிகளில் 63 குறிகள்! எழுத்தும் எண்ணும் இசையும் அதற்குள்ளே! எழுதும் கருவி? ஒரு சட்டம், ஒரு கூர்முனை ஊசி. கண்ணைப் பறித்ததும் ஊசி, கல்வியைத் தந்ததும் ஊசி!

1829-ல் நூலாக வெளியிட்டார். அதே பள்ளியில் ஆசிரியருமானார். பாராட்டினார்களா? இல்லை! பள்ளித் தலைமை அவர் முறையை ஒதுக்கித் தள்ளியது. கண்ணுள்ளவருக்குப் புரியாத எழுத்து எதற்கு என்ற எண்ணம்! மாணவர் விட்டார்களா? ஒளித்து ஒளித்து எழுதினார்கள். 1844-ல் புதுக் கட்டிடத் திறப்பு விழாவிலே, ஊரறிய அந்த எழுத்தின் ஆற்றல் மெய்ப்பிக்கப்பட்டது.

காசநோய் 1852 சனவரி 6-ல் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 43. பள்ளி அவர் எழுத்தை முறைப்படி ஏற்றது 1854-ல்! நூறாண்டு கழித்து, 1952-ல், பிரான்சு தன் பெருமக்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்தில் அவருக்கும் இடம் தந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1951-ல், இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் உருவாயிற்று. நம் தமிழும் அந்தப் புள்ளிகளிலே பேசலாயிற்று.

தோழர்களே! இன்று கணினியோடு இணைத்த பலகையிலே புள்ளிகள் தாமே எழுகின்றன, தாமே தாழ்கின்றன. கருவி வளர்ந்துவிட்டது. நம் கருத்தும் வளர வேண்டாமா? பார்வையற்றவருக்குக் கருவி தருவது தருமமல்ல, அவர் உரிமை! எந்தக் கருவி வேண்டும் என்பதை அவரைக் கேட்டே முடிவு செய்வோம். கண்ணுள்ளவர் மேட்டு எழுத்தைத் திணித்தனர், கண்ணிழந்த சிறுவன்தான் வழி கண்டான். அவன் கேட்டது இரக்கமல்ல, எழுத்து! பிறர் கையை எதிர்பாராமல் படிக்க, எழுத, வாழ. அதுதான் சுயமரியாதை!