மண்ணை வென்றவரை வென்ற கதைகள்



மாவீரன் அலெக்சாண்டர் பெயரைக் கேட்காத மாணவன் இருக்க முடியாது. போரஸ் பாடத்தோடு நாம் அவரை மூடி வைத்துவிட்டோம். ஆனால் இறந்த பிறகுதான் அவருடைய இன்னொரு வாழ்க்கையே தொடங்குகிறது. அதைப் படித்தபோது வியப்பாக இருந்தது, கொஞ்சம் யோசனையாகவும் இருந்தது. உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் வரலாறு. கி.மு. 356-ல் மாசிடோனியாவின் பெல்லா நகரில் பிறந்தார். தந்தை மன்னர் இரண்டாம் பிலிப், தாய் ஒலிம்பியாஸ், ஆசிரியர் அரிஸ்டாட்டில். 20 வயதில் அரசரானார். நம்மைவிட ரெண்டே வயசுதான் அதிகம்! கி.மு. 334-ல் ஆசியாவுக்குள் நுழைந்து, பாரசீகப் பேரரசர் மூன்றாம் டேரியஸை இரண்டு பெரும் போர்களில் தோற்கடித்தார். கி.மு. 326-ல் ஜீலம் நதிக்கரையில் போரஸை வென்றார். பியாஸ் நதிக்கரையில் படைவீரர்கள் இனி நடக்க முடியாது என்று மறுத்துவிடவே திரும்பினார். கி.மு. 323-ல் பாபிலோனில் காய்ச்சலில் இறந்தபோது 33 வயது கூட நிறையவில்லை.

சிவில் பிரிவு நண்பர்களுக்கு ஒரு செய்தி. இன்றைய லெபனானில் உள்ள டைர் அன்று ஒரு தீவு நகரம். அதைப் பிடிக்கக் கடலுக்குள் கல்லும் மரமும் கொட்டிப் பாதை போட்டார் அலெக்சாண்டர். ஏழு மாத முற்றுகை. அந்தப் பாதையைச் சுற்றி மணல் சேர்ந்து, தீவு நிலத்தோடு ஒட்டிப் போச்சு. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அபாரமான வேலைதான். ஆனால் நகரம் விழுந்ததும் பிழைத்த மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி கதைக்கு வருவோம். எகிப்தில் கிரேக்க மொழியில் உருவான ஒரு கதை நூலில், அலெக்சாண்டர் பிலிப்பின் மகனே இல்லை! எகிப்தின் கடைசி சுதேச மன்னன் நெக்டானபோ மந்திரவாதியாக மாசிடோனியாவுக்குத் தப்பி வந்து பெற்ற பிள்ளையாம். பாரசீகத்தில் பிர்தௌசி 1010-ல் முடித்த ஷாநாமாவில், சிக்கந்தர் பாரசீக மன்னனுக்குப் பிறந்தவர். தான் தோற்கடித்த தாராவுக்கே அண்ணன் முறை. தோற்ற மக்கள், ஜெயித்தவனைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்கள். நம்மை அந்நியன் வெல்லவில்லை, நம்ம ரத்தம்தான் வென்றது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்கள் போலும். எல்லோரும் அப்படித் தேறவில்லை. அதே பாரசீகத்தின் ஜொராஷ்டிர மத நூல்கள், வேதத்தை எரித்த பாவி என்று அவரைச் சபிக்கின்றன.

மலாய் மொழியின் செஜாரா மெலாயு, மலாக்கா சுல்தான்களை இஸ்கந்தர் வம்சம் என்கிறது. அந்த வம்சத்து ராஜா சூரன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்குப் போகிறான். நம் ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடல் படையெடுப்பின் நினைவு இவன் கதையில் கலந்திருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். ஐரோப்பியக் கதைகளிலோ அலெக்சாண்டரே கண்ணாடிப் பீப்பாயில் கடலுக்குள் இறங்குகிறார். பறவைகளைக் கட்டி வானத்திலும் பறக்கிறார். சாகாவரம் தரும் தண்ணீரைத் தேடி இருட்டு நாட்டுக்கும் போகிறார். அவருடைய சமையல்காரன் கழுவிய கருவாடு அந்தத் தண்ணீர் பட்டு உயிர் பெற்றுத் துள்ளுகிறது. சமையல்காரன் குடித்துவிட்டான். சக்கரவர்த்திக்கு ஒரு சொட்டு கூடக் கிடைக்கவில்லை!

என்னைக் கவர்ந்தது யூதர்களின் தால்முத் கதைதான். சொர்க்கத்தின் வாசலில் அலெக்சாண்டருக்கு ஒரு கண் உருண்டையைக் கொடுக்கிறார்கள். தராசில் வைத்து, தன் தங்கம் வெள்ளி அத்தனையையும் எதிர்த்தட்டில் போடுகிறார். தட்டு சமமாகவில்லை. மனிதக் கண்ணுக்குத் திருப்தியே கிடையாது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். அந்தக் கண்மீது ஒரு பிடி மண் தூவியதும் எடை குறைந்துவிடுகிறது. சவப்பெட்டிக்கு வெளியே வெறுங்கை நீட்டிய கதையை நாம் சின்ன வயதில் கேட்டிருப்போம். பழைய வரலாற்று ஆசிரியர்கள் யாரும் அதை எழுதவில்லை. ஆனாலும் மக்கள் விடவில்லை.

எங்க குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்க தாத்தா பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பாட்டி சொல்லும் கதைகளில்தான் அவர் இருக்கிறார். அதனால் இதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. அலெக்சாண்டரோடு போனவர்கள் எழுதிய வரலாறுகளே முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பவை அவர் இறந்து ஏறக்குறைய 300 ஆண்டு கழித்தும் அதற்குப் பிறகும் எழுதப்பட்டவை. எழுதத் தெரியாதவர்களும் சொல்லிச் சொல்லி வளர்த்த கதைகளோ பல மொழிகளில் பரவின. வாளைப் பிடிக்க முடியாதவர்கள் கதையால் நியாயம் கேட்டார்கள். சக்கரவர்த்தியைத் தராசு முன்னால் நிறுத்தினார்கள், தண்ணீருக்கு ஏங்க வைத்தார்கள்.

நண்பர்களே! நாளை நாம் பாலம் கட்டுவோம், இயந்திரம் ஓட்டுவோம். மகா என்ற பட்டத்தை ஒருவருக்குக் கொடுக்கும் முன், அவர் போட்ட பாதையில் யார் நசுங்கினார்கள் என்றும் கேட்போம். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதை எழுத இப்போது நம் கையில் பேனா இருக்கிறது!